எந்தக் கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிம்?

நாகர்கோவிலில் கண்ணாடிக் கடை ஒன்றுக்குச் சென்று ஜன்னலுக்கு ஃபிலிம் வேண்டும் என்று கேட்டால், முதலில் நம் கையில் தரப்படுவது மாதிரி அட்டைகளின் கொத்து. வெள்ளி, சாம்பல், பழுப்பு, இளநீலம் என்று ஒட்டப்பட்ட துண்டுகளின் அடியில் சில எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: உள்ளே வரும் ஒளி 50, வெளிப்புற எதிரொளிப்பு 20, புற ஊதாக் கதிர்த் தடுப்பு 99 என்பது போல. கூலிங் பேப்பர் என்று ஊரில் பலரும் சொல்லும் இந்தப் பொருளை வாங்குகிறவர், அந்த எண்கள் ஃபிலிமுக்கே உரியவை என்று எடுத்துக்கொள்கிறார். விற்கிறவரும் பெரும்பாலும் அப்படித்தான் எண்ணுகிறார். ஆனால் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும்: 3 மி.மீ. அல்லது 6 மி.மீ. தெளிந்த கண்ணாடியில் ஒட்டி அளந்தவை. இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது.

மார்த்தாண்டத்தில் என் அக்கா வீட்டு மாடியறையின் மேற்கு ஜன்னலில் 6 மி.மீ. பழுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வெயில் தாங்கவில்லை என்று அதன் உட்புறம் ஃபிலிம் ஒட்டினார்கள். மூன்றாவது வாரம் ஒரு பிற்பகலில் கண்ணாடியில் விரிசல் விழுந்தது. அது அலுமினியச் சட்டத்தை ஒட்டிய ஓரத்தில் தொடங்கி, முதல் ஓர் அங்குலம் ஓரத்துக்குச் செங்குத்தாக நேரே சென்று, பிறகு ஓடைத்தடம் போல வளைந்து நெளிந்து நடுவுக்கு வந்திருந்தது. கல் பட்ட கண்ணாடியில் விரிசல் அப்படி ஓடுவதில்லை. சூட்டால் விரிசல் விடும் கண்ணாடியின் அடையாளம் அது. ஃபிலிம் ஒட்டியவர் கண்ணாடி சரியில்லை என்றார். கண்ணாடி போட்டவர் ஃபிலிம்தான் காரணம் என்றார். மாதிரி அட்டையின் எண்களை வைத்துக்கொண்டு இந்த வழக்கைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் அவை அக்கா வீட்டுக் கண்ணாடியின் எண்கள் அல்ல. அவற்றை அந்தக் கண்ணாடிக்கு உரியவையாக மாற்ற ஒரு கணக்கு உண்டு. பள்ளி இயற்பியல் தெரிந்தவர் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான்.

ஜன்னலில் ஒளியை வடிகட்டும் எண்ணம் இந்த மாவட்டத்துக்குப் புதியதன்று. தக்கலைக்கு அருகே பத்மநாபபுரம் அரண்மனையின் மந்திரசாலையில், மரச் சட்டங்களுக்கிடையே வண்ண அபிரகத் தகடுகள் பதித்த ஜன்னல்களை இன்றும் பார்க்கலாம். உச்சி வெயிலிலும் அந்த அறையின் ஒளி கண்ணைக் கூசாது. அபிரகத் தகட்டின் இருபுறமும் காற்று. ஆகவே அதன் ஒளிப் பண்புகள் அதற்கே சொந்தமானவை, ஒரு கருவியில் வைத்து அளந்துவிடலாம். ஃபிலிமின் நிலை வேறு. அதன் ஒருபுறம் காற்று, மறுபுறம் பசை, பசைக்கு அப்பால் கண்ணாடி, அதற்கும் அப்பால்தான் வெளிக்காற்று. கணக்கின் சிக்கல் இந்த இடத்தில் தொடங்குகிறது.

எந்தப் பொருளின் மீது ஒளி விழுந்தாலும் அதற்கு மூன்று கதிகள்தான்: ஒரு பங்கு ஊடுருவிப் போகும், ஒரு பங்கு திரும்பும், மீதி பொருளிலேயே தங்கி வெப்பமாகும். மூன்றையும் கூட்டினால் 1 வரவேண்டும். பாடநூல்கள் இவற்றை ஊடுகடத்தல், எதிரொளிப்பு, உட்கவர்தல் என்கின்றன. திரும்புதல் பரப்புகளில் நடக்கிறது. தங்குதல் பொருளின் உடலுக்குள் நடக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. காற்றிலிருந்து நேராக அதன் மீது விழும் ஒளியில் எவ்வளவு திரும்பும் என்பதை, ஒளிவிலகல் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, அதே எண்ணுடன் 1-ஐக் கூட்டியதால் வகுத்து, வந்த விடையை இருமடியாக்கிப் பெறலாம்: 4.3 விழுக்காடு. கண்ணாடிக்கு இரண்டு பரப்புகள் இருப்பதால், எவ்வளவு தெளிவான கண்ணாடியாக இருந்தாலும் 92 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் குறைவான ஒளியே மறுபக்கம் வந்து சேரும்.

இப்போது ஃபிலிமை ஒட்டுவோம். அதன் உடல் பாலியெஸ்டர். அதன் ஒளிவிலகல் எண் 1.65 அளவில் இருப்பதால் காற்றை நோக்கிய அதன் பரப்பு 6 விழுக்காட்டைத் திருப்புகிறது. பசையின் எண் 1.48 என்று கொண்டால், பாலியெஸ்டரும் பசையும் சேரும் இடத்தில் திரும்புவது வெறும் 0.3 விழுக்காடு, பசையும் கண்ணாடியும் சேரும் இடத்தில் திரும்புவது கணக்கில் எடுக்க வேண்டாத அளவு. அதாவது, கண்ணாடியின் உட்பரப்பு காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தவரை 4.3 விழுக்காட்டைத் திருப்பியது. ஃபிலிமை ஒட்டியவுடன் அந்தப் பரப்பே ஒளியியலில் மறைந்துபோகிறது. ஆகவே தனி ஃபிலிமை அளந்து, தனிக் கண்ணாடியை அளந்து, இரண்டு எண்களையும் பெருக்கினால் இல்லாத பரப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்டதாகிவிடும். பெருக்கல் முறையின் முதல் பிழை இது. இதைவிடப் பெரிய இன்னொரு பிழையைப் பின்னால் பார்ப்போம்.

ஃபிலிமுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தயாரிப்பாளர் சொல்வதில்லை. சில நானோமீட்டர் தடிமனுள்ள உலோகப் படலங்கள் இருக்கலாம், சாயம் இருக்கலாம், அகச்சிவப்பை உறிஞ்சும் நுண்துகள்கள் இருக்கலாம், கீறல் விழாமலிருக்க மேலே ஒரு கடினப் பூச்சும் இருக்கும். அலைநீளத்தைவிட மெல்லிய, அல்லது அதைப்போல் சில மடங்கே தடிமனான படலங்களில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும். சில ஃபிலிம்களை டியூப் லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும் வானவில் கோடுகள், கடினப் பூச்சில் நடக்கும் அந்தக் குறுக்கீட்டால் வருபவை. ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் தடிமனான கண்ணாடிக்குள், சூரிய ஒளியின் அலைகள் ஒன்றோடொன்று இசைவு தப்பிவிடுகின்றன. அங்கே அலைகளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒளியின் அளவுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போகலாம். கணக்கு எளிதாவதற்கு இந்த வேறுபாடே காரணம். ஃபிலிமையும் பசையையும் சேர்த்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல், கண்ணாடியின் ஒரு பரப்பாகவே பாவித்துக்கொள்ளலாம். அந்தப் பரப்புக்கு மூன்று எண்கள் போதும்: அதன் வழியே ஊடுருவும் பங்கு, காற்றுப் பக்கத்திலிருந்து விழும் ஒளியில் திரும்பும் பங்கு, கண்ணாடிப் பக்கத்திலிருந்து விழும் ஒளியில் திரும்பும் பங்கு. ஊடுருவும் பங்கு எப்பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுதான். வெளியிலிருந்து வருவதை மட்டும் தடுத்து உள்ளிருந்து போவதை அப்படியே விடும் ஃபிலிம் என்று ஒன்று இல்லை. பகலில் வெளியே நிற்பவருக்கு உள்ளே தெரியாமலிருப்பதற்கு வெளியே வெளிச்சம் அதிகம் என்பதே காரணம். இரவில் அறை விளக்கைப் போட்டதும் அந்த மறைவு தலைகீழாகிவிடும்.

மூன்று தெரியாத எண்கள். ஆய்வகத்தில் அளக்கக்கூடியவையும் மூன்று. தெளிந்த கண்ணாடியில் ஃபிலிமை ஒட்டி, ஊடுருவும் ஒளி, ஃபிலிம் பக்க எதிரொளிப்பு, கண்ணாடிப் பக்க எதிரொளிப்பு ஆகியவற்றை அளந்தால், அந்தக் கண்ணாடியின் பங்கைக் கழித்துவிட்டு ஃபிலிமின் மூன்று எண்களையும் மீட்டெடுக்கலாம். ஓர் அலைநீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

பச்சை ஒளியில், 550 நானோமீட்டரில், 3 மி.மீ. தெளிந்த கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து 0.50 ஒளியை விடுகின்றன. ஃபிலிம் பக்கம் 0.18-ம் கண்ணாடிப் பக்கம் 0.20-ம் திரும்புகின்றன. கண்ணாடியின் உடலை ஒருமுறை கடந்தால் நுழைந்த ஒளியில் 0.985 மிஞ்சுகிறது, அதன் வெறும் பரப்பு 0.043-ஐத் திருப்புகிறது. கண்ணாடிப் பக்கத்தில் திரும்பிய 0.20-இல் 0.043 அந்த வெறும் பரப்பின் பங்கு. மீதி 0.157 ஃபிலிமிலிருந்து வந்தது. ஆனால் அது கண்ணாடியின் வெளிப்பரப்பை இருமுறையும் அதன் உடலை இருமுறையும் கடந்த பிறகு மிஞ்சியது. அந்த இழப்புகளையும், உள்ளேயே முன்னும் பின்னும் துள்ளும் ஒளியையும் ஈடுகட்டினால், ஃபிலிமின் கண்ணாடிப் பக்க எதிரொளிப்பு 0.175 என்று வருகிறது. அதை வைத்து ஊடுருவும் பங்கை மீட்டால் 0.527, காற்றுப் பக்க எதிரொளிப்பு 0.168. காற்றுப் பக்கமிருந்து விழும் ஒளியில் ஃபிலிமிலேயே தங்குவது ஏறத்தாழ 0.305. ஆய்வகத்தின் கண்ணாடி இப்போது கணக்கிலிருந்து விலகிவிட்டது. கையில் இருப்பவை ஃபிலிமின் எண்கள் மட்டுமே.

இவற்றை அக்கா வீட்டுக் கண்ணாடியில் பொருத்துவோம். 6 மி.மீ. பழுப்புக் கண்ணாடியின் உடலை ஒருமுறை கடந்தால் 0.60 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபிலிம் 0.527-ஐ விடுகிறது, கண்ணாடியின் உடல் 0.60-ஐ விடுகிறது; வெளிப்பரப்பு 0.957-ஐ விடுகிறது, உள்ளே துள்ளும் ஒளிக்கான சிறு திருத்தத்தையும் சேர்த்தால் அறைக்குள் வரும் ஒளி 0.303. அட்டையில் 50 என்று அச்சிட்டிருந்த ஃபிலிம் இந்த ஜன்னலில் 30 ஆகிவிட்டது. பழுப்புக் கண்ணாடி ஏற்கெனவே ஒளியைக் குறைப்பதால் இதை யாரும் ஓரளவு ஊகித்துவிடுவார்கள். ஊகத்தில் வராதது எதிரொளிப்பு. வெளியிலிருந்து வரும் ஒளி பழுப்புக் கண்ணாடியைக் கடந்துதான் ஃபிலிமைச் சேர்கிறது. ஃபிலிம் அதைத் திருப்பினாலும், திரும்பும் ஒளி அதே பழுப்புக் கண்ணாடியை மறுபடியும் கடந்துதான் வெளியேற வேண்டும். போகும்போது 0.60, வரும்போது 0.60, இரண்டும் சேர்ந்து 0.36 ஆகிவிடுகிறது. ஆகவே அட்டையில் 20 என்றிருந்த வெளிப்புற எதிரொளிப்பு இந்த ஜன்னலில் 10 விழுக்காடுதான்.

இப்போது தங்கும் பங்கைக் கழித்துப் பாருங்கள். தெளிந்த கண்ணாடியில் அது 1-இலிருந்து 0.50-ஐயும் 0.20-ஐயும் கழித்த 0.30. பழுப்புக் கண்ணாடியில் 1-இலிருந்து 0.303-ஐயும் 0.101-ஐயும் கழித்த 0.596. ஒரே ஃபிலிம், ஆனால் ஜன்னலில் தங்கி வெப்பமாகும் ஒளி இரு மடங்கு. ஃபிலிம் ஒட்டாத பழுப்புக் கண்ணாடியில் இதே கணக்கைப் போட்டால் 55 விழுக்காடு உள்ளே வருகிறது, 39 விழுக்காடு தங்குகிறது. ஃபிலிமை ஒட்டியதால் அது 60 ஆயிற்று. மாதிரி அட்டையில் இந்த 60 எங்கும் இல்லை. அதை எழுதவும் முடியாது, ஏனென்றால் அது ஃபிலிமின் எண் அன்று, அந்த ஜன்னலின் எண்.

அந்த 60 எவ்வளவு சூடு? மாலை நான்கு மணியளவில் மேற்குச் சுவரில் சதுர மீட்டருக்கு 700 வாட் வெயில் விழுவதாகக் கொண்டால், கண்ணாடியில் 420 வாட் தங்குகிறது. காற்று ஓரளவு வீசினால் இது கண்ணாடியைச் சுற்றுப்புறத்தைவிட 13 அல்லது 14 பாகை (டிகிரி செல்சியஸ்) சூடேற்றும். காற்று அசையாத நேரத்தில் 20 பாகையைத் தாண்டும். உள்ளே கனமான திரையை இழுத்துவிட்டிருந்தால் இன்னும் ஏறும். அக்கா வீட்டில் மூன்றுமே இருந்தன: காற்று மறைந்த சந்து, பகலெல்லாம் இழுத்துவிட்ட திரை, ஜன்னலின் மேல் மூன்றிலொரு பகுதியில் சன்ஷேடின் நிழல். நடுப்பகுதி சூடாகி விரிய, நிழலிலும் சட்டத்துக்குள்ளும் இருக்கும் ஓரம் குளிர்ந்தே இருந்து அதை இழுத்துப் பிடிக்கிறது. ஓரம் சீராக வெட்டப்பட்ட சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 30 முதல் 40 பாகை வேறுபாட்டைத் தாங்கும். வெட்டும்போது ஓரத்தில் சில்லுத் தெறித்திருந்தால் அதைவிட மிகக் குறைவான வேறுபாட்டிலேயே விரிசல் விட்டுவிடும். உடைந்த கண்ணாடியைச் சட்டத்திலிருந்து எடுத்தபோது, விரிசல் தொடங்கிய இடத்தில் அரிசி முனையளவு ஒரு சில்லு தெறித்திருந்ததைக் கண்டோம். ஒட்டியவர் சொன்னதும் போட்டவர் சொன்னதும் பாதி பாதி உண்மை.

இதுவரை ஓர் அலைநீளத்துக்கான கணக்கைத்தான் பார்த்தோம். முழுச் சூரியனுக்கும் என்றால் இதே கணக்கை 300 நானோமீட்டரிலிருந்து 2500 நானோமீட்டர் வரை ஒவ்வோர் அலைநீளத்திலும் செய்ய வேண்டும். கடைசியில்தான் சராசரி எடுக்க வேண்டும். முதலிலேயே சராசரி எடுத்துவிட்டுப் பெருக்குவது, நான் முன்பு சொன்ன பெரிய பிழை. சூரிய ஆற்றலில் ஏறத்தாழ பாதி கண்ணுக்குத் தெரியும் ஒளியாகவும், ஏறத்தாழ பாதி அகச்சிவப்பாகவும் வருகிறது. ஒரு ஃபிலிம் முதற்பாதியில் 0.7-ஐயும் இரண்டாம் பாதியில் 0.3-ஐயும் விடுகிறது என்றும், ஒரு பச்சைக் கண்ணாடி முதற்பாதியில் 0.8-ஐயும் இரண்டாம் பாதியில் 0.3-ஐயும் விடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஃபிலிமின் சராசரி 0.50, கண்ணாடியின் சராசரி 0.55, பெருக்கினால் 0.275. ஆனால் பாதி பாதியாகப் பெருக்கிப் பிறகு சராசரி எடுத்தால் 0.325. ஐந்து விழுக்காட்டுப் புள்ளிகள் எங்கே போயின? பச்சைக் கண்ணாடி ஏற்கெனவே தடுத்துவிட்ட அகச்சிவப்பையே ஃபிலிமும் தடுக்கிறது. ஒரே வேலையை இருவர் செய்வதால் கூலி இரட்டிக்கிறதே தவிர வேலை இரட்டிப்பதில்லை. அகச்சிவப்பை மட்டும் குறிவைக்கும் விலையுயர்ந்த ஃபிலிமைப் பச்சைக் கண்ணாடியில் ஒட்டச் சொல்லும்போது வாங்குகிறவர் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஒவ்வோர் அலைநீளத்துக்கும் எவ்வளவு எடை கொடுப்பது என்பதை ஐ.எஸ்.ஓ. 9050 போன்ற தர நெறிகள் வரையறுத்திருக்கின்றன. ஒளியின் அளவுக்குப் பகல் வெளிச்சத்தின் நிறமாலையையும் 555 நானோமீட்டரில் உச்சமடையும் கண்ணின் உணர்திறனையும் எடையாகக் கொள்வார்கள். ஆற்றலின் அளவுக்குத் தரையை வந்தடையும் சூரிய நிறமாலையை எடையாகக் கொள்வார்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் பராமரிக்கும் பன்னாட்டுக் கண்ணாடித் தரவுத் தொகுப்பில் ஃபிலிம்களின் அளவீடுகள் அலைநீளவாரியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. அதே ஆய்வகத்தின் ஆப்டிக்ஸ் என்ற மென்பொருள், நாம் மேலே செய்த பிரித்தெடுத்துப் பொருத்தும் கணக்கை ஒவ்வோர் அலைநீளத்துக்கும் செய்து தருகிறது. ஃபிலிமை அளக்க ஏன் மெல்லிய தெளிந்த கண்ணாடியையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கும் இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. மீட்டெடுக்கும்போது கண்ணாடியின் உடல் விட்ட பங்கால் வகுக்க வேண்டியிருக்கிறது. அது பூச்சியத்தை நெருங்கினால் கருவியின் சிறு பிழையும் பன்மடங்காகப் பெருகிவிடும். பழுப்புக் கண்ணாடியில் ஒட்டி அளந்து, அதிலிருந்து தெளிந்த கண்ணாடிக்குப் போவது நம்பத் தகாத பாதை. தெளிந்ததிலிருந்து பழுப்புக்குப் போவதே சரி.

கடைகளில் நடக்கும் ஒரு செய்முறையைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். சிவப்பு வெப்ப விளக்கு ஒன்றை ஏற்றி, அதன் முன் வெறும் கண்ணாடியை வைத்து, நம் கையை அதற்குப் பின்னால் நீட்டச் சொல்வார்கள். கை சுடும். பிறகு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியை வைப்பார்கள். சூடே தெரியாது. 95 விழுக்காடு வெப்பத்தைத் தடுக்கும் என்று சொல்லும்போது கை அதை ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் அந்த விளக்கின் ஆற்றலில் மிகப் பெரும் பகுதி அகச்சிவப்பு. சூரியனில் அது பாதிதான். அகச்சிவப்பிலும் 900 முதல் 1000 நானோமீட்டர் வரையிலான குறுகிய பட்டையில் மட்டும் அளந்த எண்ணை, அகச்சிவப்பு முழுமைக்குமான எண்ணாக அச்சிடும் பழக்கமும் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் அறைக்குள் வந்து சுவரிலும் தரையிலும் பட்டு வெப்பமாகத்தான் முடிகிறது. அகச்சிவப்பை அறவே தடுத்து, தெரியும் ஒளியில் 70 விழுக்காட்டை விடும் ஒரு ஃபிலிம் இருந்தாலும், சூரிய ஆற்றலில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அறைக்குள் வந்துகொண்டேயிருக்கும். ஆகவே கேட்க வேண்டிய எண் அகச்சிவப்புத் தடுப்பு அன்று. சூரிய வெப்ப ஏற்புக் கெழு.

அந்தக் கெழு இரண்டு பகுதிகளின் கூட்டுத்தொகை: நேரடியாக ஊடுருவும் ஆற்றல் ஒன்று, கண்ணாடியில் தங்கிய வெப்பத்தில் அறைப் பக்கம் வழியும் பங்கு மற்றொன்று. தங்கிய வெப்பம் இருபுறமும் பிரியும். எப்பக்கம் காற்று அதை வேகமாக எடுத்துச் செல்கிறதோ அப்பக்கம் அதிகம் போகும். ஐ.எஸ்.ஓ. நெறி வெளிப்புறத்துக்குச் சதுர மீட்டருக்கும் பாகைக்கும் 23 வாட் என்றும், உட்புறத்துக்கு 8 வாட் என்றும் வைத்துக்கொள்கிறது. ஆகவே ஒற்றைக் கண்ணாடியில் தங்கிய வெப்பத்தில் 31-இல் 8 பங்கு, ஏறத்தாழ கால்வாசி, உள்ளே வருகிறது. நம் எண்களை முழுச் சூரியனுக்கும் பொருந்துவனவாகப் பாவித்தால், தெளிந்த கண்ணாடியின் கெழு 0.91; ஃபிலிம் ஒட்டினால் 0.58. வெறும் பழுப்புக் கண்ணாடி 0.65, ஃபிலிம் ஒட்டினால் 0.46. ஒரே ஃபிலிம் முதல் ஜன்னலில் 33 புள்ளிகளைக் குறைக்கிறது, இரண்டாவதில் 19 புள்ளிகளைத்தான் குறைக்கிறது.

அந்த 23 வாட் என்பது நொடிக்கு 4 மீட்டர் அளவில் வீசும் காற்றுக்கானது. குமரி மாவட்டத்தில் அந்த ஒரு எண் எல்லா ஊருக்கும் பொருந்தாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் மலைகளுக்கிடையே நெருக்குண்டு பாயும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் நாட்களில் அங்கே வெளிப்புற எண் 40 ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஃபிலிம் ஒட்டிய பழுப்புக் கண்ணாடி ஜன்னலின் கெழு 0.40 ஆகிறது. காற்று மறைந்த ஒரு தெருவில் அது 12-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஜன்னலின் கெழு 0.54 ஆகிவிடுகிறது. வெப்பத்தைத் தன்னிடம் தங்கவைக்கும் ஃபிலிம் காற்றை நம்பியிருக்கிறது. திருப்பி அனுப்பும் ஃபிலிம் அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. காற்று வராத இடத்தில் இருப்பவர் எதிரொளிப்பு மிகுந்த ஃபிலிமைத் தெளிந்த கண்ணாடியில் ஒட்டுவதே நல்லது என்பது என் கருத்து.

ஒளி விழும் கோணத்தையும் பார்க்க வேண்டும். ஆய்வக அளவீடுகள் ஏறக்குறைய நேராக விழும் ஒளிக்கானவை. வெறும் கண்ணாடிப் பரப்பு நேரொளியில் 4.3 விழுக்காட்டைத் திருப்பினால், 60 பாகைச் சாய்வில் 9 விழுக்காட்டையும், 70 பாகையில் 17 விழுக்காட்டையும் திருப்புகிறது. சம இரவு நாளில் சூரிய நேரப்படி பிற்பகல் 2 மணிக்கு மேற்கு ஜன்னலின் மீது வெயில் 60 பாகைச் சாய்வில் விழும். 4 மணிக்கு 30 பாகையில். அந்தி நெருங்க நெருங்க நேராகவே விழும். மேற்கு ஜன்னலை வாட்டும் வெயில் ஆய்வக எண்ணுக்கு அருகிலேயே இருக்கிறது என்பதால், கோணத்தை நம்பி அங்கே சலுகை எதிர்பார்க்க முடியாது. உச்சி வெயிலின் கதை வேறு. கன்னியாகுமரி 8 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் 10-ஐ ஒட்டி உச்சியைக் கடக்கும் சூரியன் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகலில் வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 15 பாகை வடக்கே. வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்ற எண்ணம் தில்லிக்கு ஓரளவு பொருந்தலாம், நமக்குப் பொருந்தாது. 2017-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு இதைக் கவனித்திருக்கிறது: நம்முடையதைப் போன்ற வெப்ப ஈரப்பதப் பகுதிகளில் வணிகக் கட்டடங்களின் ஜன்னல்களுக்குக் கெழு 0.27-க்கு மேற்படக் கூடாது என்று சொல்லி, 15 பாகை அட்சத்துக்கு வடக்கே வடக்கு ஜன்னலுக்கு 0.50 வரை விட்டுக்கொடுத்து, 15 பாகைக்குத் தெற்கே அந்தச் சலுகையைத் தரவில்லை. நாம் போட்ட 0.46 அந்த 0.27 வரம்பைவிட மிக அதிகம் என்பதையும் கவனிக்கலாம்.

முக்கடல் கூடும் ஊரில் கடல் தெரியும் அறைகளை வாடகைக்கு விடும் விடுதிகளுக்கு இன்னோர் எண் முக்கியம். அதை யாரும் கேட்பதில்லை. அது ஃபிலிம் பக்க எதிரொளிப்பு, அதாவது அறைக்குள் நிற்பவரின் பக்கம். நம் எடுத்துக்காட்டில் அது 17, 18 விழுக்காடு. சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் வெளியே வெளிச்சம் மங்கி, உள்ளே விளக்கு எரிந்தால், கண்ணாடியில் கடலைவிடக் கட்டிலும் மின்விசிறியும்தான் தெளிவாகத் தெரியும். வெளிப்புறம் அதிகமாகவும் உட்புறம் குறைவாகவும் திருப்பும் ஃபிலிம்கள் உண்டு. ஊடுருவும் பங்கு இருபுறமும் ஒன்றாக இருந்தே தீர வேண்டுமென்றாலும், எதிரொளிப்பு அப்படி இருக்க வேண்டியதில்லை. கடலோரத்தில் உப்புக்காற்று உலோகப் படலங்களை ஓரத்திலிருந்து அரிக்கும் என்பதால், வெளிப்புறம் ஒட்டும் ஃபிலிமை அங்கே நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் எடுத்துக்காட்டில் பழுப்புக் கண்ணாடியின் வெளிப்புறம் ஒட்டினால் கெழு 0.46-இலிருந்து 0.44 ஆகக் குறைகிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்காக உப்போடு போராட வேண்டாம்.

அக்கா வீட்டு ஜன்னலுக்கு மூன்று வழிகளைத் தாளில் போட்டுப் பார்த்தோம். வெறும் பழுப்புக் கண்ணாடி: ஒளி 55, தங்குவது 39, கெழு 0.65. பழுப்புக் கண்ணாடியும் ஃபிலிமும்: ஒளி 30, தங்குவது 60, கெழு 0.46. 6 மி.மீ. தெளிந்த கண்ணாடியும் அதே ஃபிலிமும்: ஒளி 49, தங்குவது 31, கெழு 0.57. வெப்பத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவதே சிறந்தது. ஆனால் அதற்கு விலை அறையின் இருட்டும் கண்ணாடியின் சூடும். பிள்ளைகள் படிக்கும் அறை என்பதால் அக்கா மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். வெறும் பழுப்புக் கண்ணாடியைவிட அது வெப்பத்தைக் குறைவாகவே உள்ளே விடுகிறது, ஒளியை ஏறத்தாழ அதே அளவு தருகிறது, தானும் குறைவாகவே சூடாகிறது. கண்ணாடியை டஃபன் செய்தே, அதாவது சூடாக்கி விரைவாகக் குளிர்வித்து உறுதியாக்கியே வாங்கினோம். அதற்கு அனுப்புவதற்கு முன் நான்கு ஓரங்களையும் அரைத்து மழுக்கச் சொல்லி, சில்லு ஏதும் தெறித்திருக்கிறதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொண்டோம்.